லோரியில் ஏறிய ஆதி மனிதன்

என் அண்ணனை ஆதி மனிதன் ஆக்கியது நான்தான். ஊரில் கேட்டால் வேறு யார் யாரையோ சொல்வார்கள். தலைமையாசிரியரைச் சொல்வார்கள், லோரி கொடுத்த சீன முதலாளி, அந்தத் தவுக்கேயைச் சொல்வார்கள், படம் பிடித்துப் போட்ட பத்திரிகைக்காரரைச் சொல்வார்கள். அவர்களில் யாருக்கும் என் அண்ணனைச் சரியாகத் தெரியாது. தெரிந்தவன் நான் ஒருவன்தான், போய்க் கூப்பிட்டவனும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவன் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள், நானும் அதைத் திருத்தாமல் விட்டுவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும்.

மலாக்காவில், காஜா பெராங்கில், கம்போங் செட்டிக்குப் பின்பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அம்மா, அண்ணன், நான். அப்பாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டு போனான். போனவர் வரவில்லை. அப்போது அண்ணனுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஏழு. ஆற்றங்கரையில் ஒரு சீனத் தவுக்கேயின் விறகுக் கிட்டங்கி இருந்தது. சதுப்புக் காட்டில் வெட்டிய பாக்காவ் கட்டைகள் படகில் வந்து இறங்கும். அவற்றைத் தோளில் சுமந்து வந்து அடுக்கும் வேலைக்கு அண்ணன் போனார். கரி மூட்டையும் சுமப்பார். என்னைப் படிக்கச் சொன்னார். தூக்குகிற வேலையெல்லாம் தன்னோடு போகட்டும் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, பதினைந்து வருஷம் அவர் தூக்கினார், நான் படித்தேன்.

கட்டை சுமந்தே அவருக்குக் கழுத்து முன்னால் வந்துவிட்டது. முதுகு வளைந்து, கை முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கும். நெற்றி எலும்பும் தாடையும் பிறவியிலேயே பெரியவை. நிறம் அப்பாவுடைய கறுப்பு, அதன்மேல் எப்போதும் கொஞ்சம் கரித்தூள். எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் இருப்பது போகாது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவே அரை நிமிஷம் எடுத்துக்கொள்வார். அந்த அரை நிமிஷத்தில் எதிரில் இருப்பவர்கள் அவரை மந்தம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். எனக்கு அந்த அரை நிமிஷம் பழக்கம். வீட்டில் யாருக்கும் அவசரமில்லை.

முப்பது வயதாகியும் அவருக்கு யாரும் பெண் கொடுக்க முன்வரவில்லை. நான் காஜா பெராங் பக்கத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் பயிற்சி ஆசிரியர் ஆன பிறகுதான் எங்கள் வீட்டுக்கு ஒரு மரியாதை வந்தது. வாத்தியார் வீடு என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த மரியாதையில்தான் டுரியான் துங்கல் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு மண்டோர், பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு மேலாள், தன் பெண்ணை அண்ணனுக்குக் கொடுக்கலாமா என்று ஆள் அனுப்பினார். அம்மா அன்றைக்குச் சாமி விளக்கில் எண்ணெய் வழிய வழிய ஊற்றினாள்.

பெண் பார்க்கப் போனோம். மழைக்காலம், ஈர ரப்பர் விறகு. கோப்பி போடப் போன பெண் அடுப்படியில் இருமிக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கப் புகை. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அண்ணன் எழுந்து நேராக அடுப்படிக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளை பெண்ணிருக்கும் இடத்துக்கு நடந்து போவது எந்த ஊர் வழக்கம்? அவர் போய்க் குந்தி உட்கார்ந்து, விறகை உருவி, காற்றுப் போக இடம்விட்டு அடுக்கி, குனிந்து ஒரு ஊது ஊதினார். புகை அடங்கித் தீ நின்று எரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். பெண் கோப்பி கொண்டு வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த மாதமே பூ வைத்தார்கள். தை மாதம் கல்யாணம் என்று முடிவானது.

அந்த வருஷம் ஆறாம் வகுப்புச் சரித்திரம் என் தலையில் விழுந்திருந்தது. பாடப் புத்தகத்தில் ஆதி மனிதனுக்கு ஒன்றரைப் பக்கம்தான். எனக்கு அது போதவில்லை. பட்டணத்து நூலகத்திலிருந்து ஓர் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வந்து அகராதியோடு மல்லுக்கட்டினேன். பிடித்த பைத்தியம் லேசில் விடவில்லை. கல்லைக் கல்லால் தட்டிச் சில்லு பெயர்த்துக் கத்தியாக்கியது, பிடித்த மிருகத்தைப் பங்கு போட்டுத் தின்றது, காட்டில் தானாகப் பற்றிய தீயைக் கொண்டு வந்து அணையாமல் காத்தது, பிறகு தானே தீ மூட்டப் பழகியது, செத்தவனை நாய் நரிக்குப் போடாமல் காலை மடக்கிக் குழியில் படுக்கவைத்துப் புதைத்தது என்று ஒவ்வொன்றும் எனக்கு நேற்று நடந்ததுபோல இருந்தது. நம் நாட்டிலேயே வடக்கே பேராக்கிலும் கிளந்தானிலும் சுண்ணாம்புக் குகைகளில் அவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் கிடக்கின்றன, கல் கோடரிகள் கிடக்கின்றன. கோடரி தேய்ந்தால் தூக்கிப் போடாமல் மறுபடி தீட்டியிருக்கிறார்கள்.

படித்ததை அண்ணனிடம்தான் சொல்வேன். வேலை முடிந்து வந்து, குளித்து, கைலி கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்காருவார். பனி அதிகமாக இருந்த காலத்தில் கடல் மட்டம் இறங்கி, இந்த மலாக்கா நீரிணையே தரையாக இருந்தது என்று ஒருநாள் சொன்னேன். அரை நிமிஷம் ஆனது.

“அப்ப கிளேபாங்ல இருந்து நடந்தே சுமத்ரா போயிருக்கலாமா தம்பி?”

போயிருக்கலாம் என்றேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் கிளேபாங் கடற்கரைக்குப் போய்ச் சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தார். பிள்ளை குட்டிகளையெல்லாம் தூக்கிக்கொண்டு அந்தத் தூரம் நடந்திருப்பார்களே, வழியில் நல்ல தண்ணீருக்கு என்ன செய்திருப்பார்கள் என்று வந்ததும் கேட்டார். என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள், ஒருவர்கூட இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. இன்னொரு நாள், அவர்களுக்குக் கல்யாணம் காட்சி எல்லாம் உண்டா என்று கேட்டார். அதெல்லாம் எலும்பைப் பார்த்துச் சொல்ல முடியாது அண்ணே என்றேன். தை மாதம் நெருங்கிக்கொண்டிருந்த மனிதர், வெட்கத்தோடு தலையை ஆட்டிக்கொண்டார்.

சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆண்டு விழாவுக்கு ஊர்வலம் உண்டு, ஒவ்வொரு பள்ளியும் சங்கமும் அலங்கார லோரி கொண்டு வரலாம் என்றார்கள். ஆசிரியர் கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் நெற்கதிர் என்றார், ஒருவர் ரப்பர் மரம் என்றார். நான் எழுந்து, மனிதன் வளர்ந்த கதை என்றேன். லோரியின் முன்பக்கம் குகை, அதில் ஆதி மனிதன் தீ மூட்டுகிறான். நடுவில் உழவன். பின்னால் கையில் புத்தகமும் கொடியும் பிடித்த சுதந்திர மனிதன். தலைமையாசிரியர் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். சுதந்திர மனிதனாக நானே நிற்க வேண்டும் என்று அப்போதே முடிவாகிவிட்டது. நிமிர்ந்த உடம்பு, வாரிய தலை, பேச்சுக்குப் பேச்சு சிரிப்பு. எனக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது.

ஆதி மனிதனாக யார் நிற்பது என்று வந்தபோது எல்லாரும் அடுத்தவரைப் பார்த்தார்கள். உடம்பெல்லாம் கரி பூசிக்கொண்டு பட்டணத்தைச் சுற்ற எந்த வாத்தியாருக்கும் மனசில்லை. அப்போது நான் சொன்னேன்.

“எங்க அண்ணன் இருக்காரு. அவருக்குக் கரி பூச வேண்டிய வேலையே இல்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் வாழ்நாளில் எத்தனையோ பேசியிருக்கிறேன், மேடைகளில் மாலை வாங்கியிருக்கிறேன். அதையெல்லாம் மறந்துவிட்டேன். இந்த ஒரு வாக்கியம் மட்டும் ஓர் எழுத்துக் குறையாமல் நினைவில் இருக்கிறது.

அண்ணனிடம் கேட்டபோது மறுப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. ஒரு பள்ளிக்கூடம் தன்னை எதற்காவது கூப்பிடும் என்று அவர் எதிர்பார்த்ததே இல்லை. தீ மூட்டுவதை நிஜமாகவே மூட்டலாமா என்று கேட்டார். அவருக்கு அது தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் நெருப்புப் பெட்டி கிடைக்காமல் ஊரே திண்டாடியபோது, விறகு வெட்டும் இடத்தில் ஒரு பூர்வகுடிக்காரர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். காய்ந்த மூங்கிலைப் பிளந்து, அதன் பஞ்சு போன்ற சீவலை அடியில் வைத்து, குறுக்கே இன்னொரு மூங்கிலால் ரம்பம் இழுக்கிற மாதிரி இழுத்தால் புகைந்து கங்கு விழும். அதை ஊதித் தீயாக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் எனக்குச் செய்து காட்டினார். எனக்குப் புல்லரித்தது. நான் அகராதி வைத்துக்கொண்டு படித்த விஷயம் என் அண்ணன் கையில் இருந்தது, எனக்கு அதுவரை தெரியாமலேயே.

ஒத்திகைக்கு வந்தார். பள்ளித் திடலில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு லோரி என்று வைத்துக்கொண்டோம். அவர் அமைதியாகக் குந்தி உட்கார்ந்து மூங்கிலை இழுத்தார். தலைமையாசிரியருக்குத் திருப்தியில்லை. ஜனங்களுக்கு இது புரியாது, எழுந்து குதிக்க வேண்டும், மார்பில் அடித்துக்கொள்ள வேண்டும், உறும வேண்டும் என்றார். அண்ணன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“தீ மூட்டத் தெரிஞ்சவன் எதுக்குத் தம்பி உறுமணும்?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நான் படித்த புத்தகத்தில் உறுமியதாக எங்கும் எழுதவில்லை என்று நான் தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கலாம். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சும்மா ஒரு நாளைக்குத்தானே அண்ணே, எனக்காகச் செய்யுங்க என்றேன். எனக்காக என்றால் அவருக்கு அரை நிமிஷம்கூடத் தேவைப்படாது. எழுந்து உறுமினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிப்பு வாங்கிய சந்தோஷத்தில் இன்னொரு தடவை உறுமினார்.

ஊர்வலத்தன்று காலையில் இறைச்சிக் கடை பாயிடம் வாங்கிய ஆட்டுத் தோலை அவர் இடுப்பில் சுற்றினோம். சரியாகக் காயாத தோல், ஈ மொய்த்தது. மேலே வெறும் உடம்பு. தலைமையாசிரியர் கடைசி நேரத்தில் இரண்டு பலகைகள் எழுதிக் கொண்டு வந்திருந்தார். அண்ணன் தலைக்கு மேலே ‘நேற்று’ என்று ஒன்றைக் கட்டினார்கள். என் தலைக்கு மேலே ‘இன்று’. நான் வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. உழவனாக வர வேண்டியவருக்குக் காய்ச்சல், வரவில்லை. அதனால் லோரியில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கடற்கரைத் திடலான பாடாங்கை நோக்கி லோரி ஊர்ந்தது. இரண்டு பக்கமும் ஜனம். மற்ற லோரிகளுக்குக் கை தட்டினார்கள். எங்கள் லோரியைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று வித்தியாசமில்லாமல் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நாட்டு ஒற்றுமை அன்றைக்கு எங்கள் லோரிக்கு முன்னால் நன்றாகவே தெரிந்தது. கடலையை விட்டெறிந்தார்கள். அண்ணன் குதித்தார், மார்பில் அடித்துக்கொண்டார், உறுமினார். நடுநடுவே குந்தி உட்கார்ந்து மூங்கிலை இழுத்தார். ஓடுகிற லோரியில், அந்தக் காற்றில், அவர் கங்கு விழவைத்து ஊதித் தீயைக் கொண்டு வந்துவிட்டார். நான் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு எழும்பிய நிஜமான தீ. குகைக்காக ஒட்டிய காகிதம் பற்றிக்கொள்ளும் என்று ஓட்டுநர் கத்தினார். ஓர் ஆசிரியர் ஓடி வந்து ஏறிக் காலணியால் மிதித்து அணைத்தார். அதற்கும் சிரித்தார்கள். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

படம் தமிழ்ப் பத்திரிகையில் வந்தது. இரண்டு பலகையும் தெளிவாக விழுந்திருந்தன. கீழே எங்கள் பள்ளிக்கூடத்தின் பாராட்டு.

அதோடு அவருடைய பெயர் போய்விட்டது. கிட்டங்கியில் ஆதி மனிதன், கள்ளுக்கடை வாசலில் ஆதி மனிதன், பாசாரில் மீன் விற்பவன்கூட ஆதி மனிதன் என்றான். பிள்ளைகள் பின்னாலேயே உறுமிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் பாதி என் வகுப்புப் பிள்ளைகள். முதல் வாரம் அவர் திரும்பி நின்று உறுமிக் காட்டிச் சிரிக்கவைத்தார். இரண்டாவது வாரம் பேசாமல் நடந்தார். மூன்றாவது வாரம் விடியுமுன்னே வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பினார். வாசற்படியில் உட்காருவது நின்றுவிட்டது. நான் புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுத்தேன்.

புரட்டாசியில் மண்டோர் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், வெற்றிலைத் தட்டைத் தொடவில்லை. பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். தோட்டம் முழுக்க அந்தப் படம் சுற்றியிருக்கிறது. அண்ணன் அன்றைக்குக் கையில் அடிபட்டு வீட்டில்தான் இருந்தார், அடுப்படி வாசலில் நின்றிருந்தார். மண்டோர் அவரைப் பார்க்காமல் அம்மாவிடம் பேசினார்.

“பெரியவர் மேல ஒரு கொறையும் சொல்லலம்மா. எம் மவள தோட்டத்துல ஆதி மனுசன் பொண்டாட்டின்னு கூப்புடுறானுங்க. பூ வச்ச பொண்ணு, இனி வேற வீட்டுக்கும் கொண்டு போவ முடியாது. வாத்தியாரக் கேக்குறேன். நீங்கதான் பெரிய மனசு பண்ணணும்.”

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். என்ன கேட்கிறார் என்று புரிய எனக்கு நேரமாகவில்லை. லோரியில் இருந்த இரண்டு பேரில் இன்னொருவனைக் கேட்கிறார். அம்மா என்னைப் பார்த்தாள், பிறகு அடுப்படி வாசலைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதிர்ச்சியில் வாயடைத்துப்போனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். வாய் நன்றாகத்தான் இருந்தது. பெண் அழகி, எனக்கு இருபத்திரண்டு வயது. அண்ணன்தான் கடைசியில் பேசினார். நல்ல பிள்ளை, ஊர் வாய்க்குப் பயந்து அது வீணாகப் போகக் கூடாது, தம்பியே கட்டிக்கட்டும் என்றார். சொல்லிவிட்டுப் பின்பக்கமாகப் போனார். அம்மா அழுதாள். ஒருத்தனுக்காவது ஆகட்டும் என்று அழுகையோடேயே சொன்னாள்.

பெண்ணை யாரும் கேட்கவில்லை. பல வருஷம் கழித்து, என் மனைவியாகிப் பிள்ளைகள் பெற்ற பிறகு, ஒரே ஒரு தடவை அவள் இதைப் பற்றிப் பேசினாள். தோட்டத்தில் அப்படிக் கூப்பிட்டது அவளுக்கு அவமானமாகத்தான் இருந்ததாம். ஆனாலும் அடுப்படியில் வந்து குந்தியவரை அவளுக்குப் பிடித்திருந்ததாம். கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பாளாம். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, எனக்கும் எடுக்கத் தைரியமில்லை.

இன்னொன்றையும் பிற்பாடுதான் படித்தேன். நான் பார்த்த ஆங்கிலப் புத்தகத்தில் ஆதி மனிதன் கூன் விழுந்து, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பான். அந்தப் படம் தப்பாம். ஐரோப்பாவில் ஒரு குகையில் கிடைத்த கிழவன் ஒருவனுடைய எலும்பை வைத்து அப்படி வரைந்துவிட்டார்கள். கிழவனுக்கு மூட்டுவாதம். முதுகு அதனால் வளைந்தது, அவன் இனமே அப்படி இல்லை. அந்தக் கிழவனுக்குப் பல்லும் ஏறக்குறைய இல்லை. வேட்டைக்குப் போக முடியாது, கறியைக் கடிக்க முடியாது, இருந்தும் அந்த நிலையில் கொஞ்ச காலம் உயிரோடு இருந்திருக்கிறான். கூட இருந்தவர்கள்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறார்கள். செத்தபிறகு குழி தோண்டி அடக்கமும் செய்திருக்கிறார்கள். அதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டேன். சுமந்து வளைந்த முதுகை நான் லோரியில் ஏற்றி ஊருக்குக் காட்டினேன். நேற்று என்று பலகை எழுதிய நாங்கள் அந்தக் குகைக்காரர்களுக்கு உறை போடக் காணமாட்டோம்.

அண்ணன் இருக்கத் தம்பி கட்டுவது தோஷம் என்றார் பூசாரி. அதற்கு வழியும் அவரே சொன்னார். மூத்தவருக்கு வாழை மரத்தோடு கல்யாணம் செய்துவிட்டு அந்த மரத்தை வெட்டிவிட வேண்டும். கட்டிய மனைவி செத்துப்போனதாகக் கணக்கு. அதன் பிறகு இளையவன் கட்டலாம். அம்மாவுக்கு நிம்மதியாகிவிட்டது. ஒரு சடங்கு இருக்கிறது என்று தெரிந்தால் எங்கள் ஆட்களுக்குப் பாதி கவலை போய்விடும்.

என் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால், காலையில், அதைச் செய்தோம். பக்கத்து வீட்டில், தமிழ் மறந்து மலாய் பேசுகிற செட்டி அம்மாளின் கொல்லையில் கன்று வாழை நின்றது. மரம் வேண்டும் என்று மலாயில் கேட்டோம், தாராளமாகத் தந்தார். எதற்கு என்று சொன்னதும் கெசியான் என்றார், பாவம் என்று அர்த்தம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணன் குளித்துவிட்டு, தன் கல்யாணத்துக்கென்று அம்மா முன்பே வாங்கி வைத்திருந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். நகக்கண்ணையெல்லாம் தேய்த்துக் கழுவியிருந்தார். வாழைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புச் சேலைத் துண்டு ஒன்றைச் சுற்றியிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். யாரோ மெல்ல உறுமினார்கள். அண்ணன் காதில் அது விழாத மாதிரி இருந்தது. பூசாரி கொடுத்த மஞ்சள் கயிற்றை வாங்கி, மரத்தைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டார். அவசரப்படவில்லை. ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார், மரத்தில் அழுந்திவிடக் கூடாது என்று கொஞ்சம் தளர்த்திவிட்டார்.

பூசாரி பாராங் கத்தியை அவரிடம் நீட்டினார். தினமும் கட்டை பிளக்கிற கை, அதை வாங்கவில்லை.

“என்னால முடியல தம்பி. நீ வெட்டு.”

நான் வாங்கி வெட்டினேன். வாழைத் தண்டு, ஒரே வெட்டில் சாய்ந்தது. சேலைத் துண்டோடு கீழே கிடந்த மரத்தை இழுத்து வேலியோரம் போட்டார்கள். பூசாரி அண்ணன் தலையில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றி, எல்லாம் முடிந்தது, தோஷம் கழிந்தது, ஒரு பாதகமும் இல்லை என்றார். எல்லாரும் கோப்பி குடிக்க உள்ளே போனோம்.

அண்ணன் குடிக்கவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. களைப்பு என்று நினைத்தோம். மறுநாள் சவரம் செய்துகொள்ளவில்லை. சாமி விளக்குப் பக்கம் வரவில்லை. கல்யாண வேலையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கல்யாணம் தோட்டத்துக் கோயிலில். காலையில் கார்கள் வந்து நின்றன. நான் பட்டு வேட்டி கட்டி மாலையோடு வாசலுக்கு வந்தபோது அண்ணன் பழைய கைலியோடு கொல்லைப்பக்கம் உட்கார்ந்திருந்தார். முகத்தில் மூன்று நாள் தாடி. சட்டை போட்டுக்கொண்டு வாங்க அண்ணே, நேரமாகிறது என்றேன். அவர் எழுந்தார், ஆனால் பக்கத்தில் வரவில்லை. நான் ஓர் அடி எடுத்து வைத்ததும் அவர் ஓர் அடி பின்னால் போனார்.

“தீட்டு இருக்குடா தம்பி. மூணு நாள்தான ஆச்சு. நான் வந்தா உங்களுக்கு ஆகாது.”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சடங்கை வேறு யாரும் நம்பவில்லை, பூசாரியே நம்பவில்லை. அவர் ஒருவர் நம்பித் தாலி கட்டியிருக்கிறார், நம்பித் துக்கம் காத்துக்கொண்டிருக்கிறார். அது வெறும் வாழை மரம் அண்ணே, வாங்க என்று கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். இழுத்திருந்தால் வந்திருப்பார். எனக்காக என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது எனக்குத் தெரியும்.

நான் சரி அண்ணே என்றேன். திரும்பி நடந்து காரில் ஏறி உட்கார்ந்தேன். கார் கம்போங் செட்டியைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்தது. அண்ணன் வரவில்லை, தோட்டத்தில் யாரும் உறும மாட்டார்கள், போட்டோவில் அவர் இருக்க மாட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.